புதன்கிழமைத் தண்ணீர்

அறந்தாங்கியில் ஐஸ் வாங்கியபோது கடைக்காரர் சிரித்தார். "ஜெகதாப்பட்டினத்துக்கா ஐஸ் கொண்டுபோறீங்க? அங்கதான் லோடு லோடா உடைக்கிறாங்களே!"

அவர் சிரித்ததில் தப்பில்லை. விசைப்படகு ஊருக்கு ஐஸ் எடுத்துப்போகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மீனுக்கு உடைக்கிற ஐஸ் எங்கள் பெட்டிக்கு ஆகாது. மீன் பட்ட ஐஸ் உருகினால் அதில் அம்மோனியா இருக்கும். நாங்கள் கடல்நீரில் தேடப்போவதும் அம்மோனியாதான். மூடி சரியாக இறுகாத பாட்டிலுக்குள் நாலு சொட்டு இறங்கினால் போதும், பழி கடல்மேல் விழுந்துவிடும். அதனால் கடை ஐஸை இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, முடிச்சுக்கு மேல் டேப்பும் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கினோம். பெட்டிக்குள் நான்கு டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும் என்பது விதி. வெளியே பங்குனி வெயில்.

திருச்சியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் நான் இளநிலை வேதியியலர். அடையாள அட்டையில் 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டு பார்க்கக் கம்பீரமாக இருக்கும். எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களில் பாதிப் பேர் மருந்துக் கம்பெனிக்குப் போகிறார்கள். மிச்சத்தில் சிலர் இங்கே வந்து சேர்கிறோம். பாட்டில் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, களத்தில் படிவம் நிரப்புவது, திரும்பி வந்து படிவத்தில் இருப்பதையும் ஆய்வகக் குறிப்பேட்டில் இருப்பதையும் கணினியில் ஏற்றிப் பொருத்துவது என்று போகும் வேலை. கருவிகளில் கைவைப்பதைவிட எண்களில் கைவைக்கும் நேரம்தான் அதிகம். முதல் மாதச் சம்பளம் வாங்கியபோது அம்மா, "தண்ணி பிடிச்சுட்டு வர்றதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் நான் விளக்கிச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஆவுடையார்கோவில், மீமிசல் வழியாகப் போனோம். சம்பா அறுத்து முடிந்த தாள் வயல்கள், தூர்ந்த கண்மாய்கள், இடைவெளி கிடைத்த இடமெல்லாம் சீமைக்கருவேல். இந்த வறண்ட சமவெளிக்கும் காவிரிக்கும் உறவு உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்களுக்கு வடக்கே நாகுடிப் பக்கமாக ஓடும் கல்லணைக் கால்வாய் 148 கிலோமீட்டர் கடந்து மும்பாலை ஏரியில் முடிகிறது; 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய். குடகில் பெய்த மழை கடலுக்குச் சில கிலோமீட்டர் முன்பு ஒரு ஏரியில் வந்து நிற்கிறது என்பது என் போன்றவர்களுக்குக் கிளர்ச்சி தரும் செய்தி. ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிவிடுவதால் பங்குனியில் அங்கே தண்ணீருக்கு வழியில்லை.

ஆவுடையார்கோவில் வந்ததும் டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். கொடுங்கையைப் பார்க்காமல் போகலாமா என்று அவருக்கு ஆதங்கம். கல்லை மரச்சட்டம் போல இழைத்துக் கூரை வேய்ந்த கோயில் அது. பழைய சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதுவார்களாம், ஊரில் அப்படிச் சொல்வார்கள். "ஐஸ் கரையும்" என்றார் என்னோடு களத்துக்கு வரும் சீனியர் அண்ணன். வண்டி நிற்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி ஜெகதாப்பட்டினத்துக்குள் திரும்பியபோது முதலில் வந்தது கருவாட்டு வாசனை, அப்புறம் டீசல். புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர். அதில் விசைப்படகுகளுக்குப் பேர்போனவை இரண்டு ஊர்கள்: இது ஒன்று, வடக்கே ஒட்டியிருக்கும் கோட்டைப்பட்டினம் மற்றொன்று. செய்தித்தாளில் இந்தப் பெயர்கள் வந்தால் பெரும்பாலும் இலங்கைக் கடற்படை, கைது, படகு பறிமுதல் என்ற சொற்களும் கூடவே வரும். கரையில் நின்றால் கடல் அவ்வளவு சாதுவாக இருக்கிறது. பாக் நீரிணையில் அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆழமும் அதிகமில்லை, பதினைந்து மீட்டரைத் தொடும் இடமே அபூர்வம். ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இறங்குதளம் வெறிச்சென்று கிடந்தது. கயிறு கட்டும் தூண்கள், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரை, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைகள், பழுதுக்கு நிற்கும் சில படகுகள். மற்றவை விடிவதற்குள் டோக்கன் வாங்கிக்கொண்டு போய்விட்டன. பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் 1970-களில் கடலை நாள் கணக்கில் பங்கு போட்டுக்கொண்டார்கள். வலை அறுந்து, கைகலப்பு வந்து, அதற்கப்புறம் வந்த ஏற்பாடு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. இந்தப் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள். நாங்கள் போனது புதன்கிழமை.

வேலையைத் தொடங்கினோம். கரைந்த ஆக்சிஜனுக்கு மீட்டர் இருக்கிறது, கம்பியை நீரில் விட்டால் எண் காட்டும். இருந்தாலும் மீட்டரைச் சரிபார்க்க ஒவ்வொரு சுற்றிலும் சில பாட்டில்களையாவது விங்க்லர் முறையில் செய்யவேண்டும் என்பது சீனியர் அண்ணனின் பிடிவாதம். 1888-இல் புடாபெஸ்டில் லாயோஷ் விங்க்லர் தன் முனைவர் பட்ட ஆய்வில் கண்டுபிடித்த வழி. இன்றுவரை அதை யாரும் ஓய்வுக்கு அனுப்பவில்லை. முந்நூறு மில்லி கண்ணாடிப் பாட்டிலில் ஒரு குமிழிகூட இல்லாமல் நீரை வழிய விட்டு நிரப்பவேண்டும். குமிழி இருந்தால் நாம் அளப்பது கடலின் ஆக்சிஜனாக இராது, ஜெகதாப்பட்டினத்துக் காற்றின் ஆக்சிஜன். பிறகு பிப்பெட்டின் முனையை நீருக்குள் அமிழ்த்தி மாங்கனஸ் சல்பேட், அடுத்து காரம் கலந்த அயோடைடு. மூடியைச் சாய்த்துச் சொருகி, பாட்டிலைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் குலுக்கினால் உள்ளே மேகம் போல ஒரு படிவு எழும்பும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு, இல்லையென்றால் வெள்ளை. இடைப்பட்ட அளவுக்கு இடைப்பட்ட நிறம். ஆய்வகத்தில் அமிலம் விட்டு, தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்து, ஸ்டார்ச் நீலம் மறையும் சொட்டில் நிறுத்தினால்தான் எண் கிடைக்கும். ஆனால் நல்லது கெட்டதைக் கரையிலேயே கண் சொல்லிவிடும்.

கூடை கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். நாங்கள் நிரப்பி வைத்திருந்த இரண்டு பாட்டில்களையும் வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் நல்ல பழுப்பு.

"இது என்னா தங்கச்சி, டிகாசன் மாதிரி?"

காற்று எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்கிறோம் என்றேன். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன என்றும் சொன்னேன்.

"இன்னைக்கி நல்லாத்தான் இருக்கும். போட்டெல்லாம் போயிருச்சுல்ல. நாளைக்கிக் காலையில வந்து பாரு. போட்டு வந்து மீனு அள்ளி, கழுவி ஊத்துனப்பொறவு பாரு. போன தடவை வந்தீகளே, அப்பவும் போட்டு இல்லாத நாளாப் பாத்துத்தான் வந்தீக."

சொல்லிவிட்டு அவர் கூடைக்குத் திரும்பிவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

எங்கள் களப் படிவத்தில் இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, பி.எச்., உவர்ப்பு, கலங்கல், வானிலை, மாதிரி எடுத்தவர் கையொப்பம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசியில் 'குறிப்பு' என்று விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். படகு இருக்கிறதா, மீன் இறங்குகிறதா, யாராவது டெக் கழுவுகிறார்களா என்பதெல்லாம் அந்த விரல் அகலத்துக்குள் நுழைந்தால் உண்டு. கணினிக்கு ஏற்றும்போது அதுவும் போய்விடும்; எங்கள் மென்பொருளில் குறிப்புக்குக் கட்டமே கிடையாது. மூன்று வருடம் கழித்து அறிக்கை எழுதுகிறவருக்குக் கிடைப்பது ஒரு தேதி, ஒரு நேரம், ஓர் எண். அந்த எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், காலியான தளத்தின் எண்ணா, நிரம்பிய தளத்தின் எண்ணா என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

இந்தத் தொழிலின் பழைய கதைகளில் எனக்குப் பிடித்தது 'சேலஞ்சர்' கப்பலுடையது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆழம் பார்த்த பிரிட்டிஷ் கப்பல். அதில் ஜான் யங் புக்கானன் என்று ஒரு வேதியியலர் இருந்தார். அதற்குச் சில வருடம் முன்பு, 1868-இல், தாமஸ் ஹக்ஸ்லி கடலடிச் சேற்று மாதிரி ஒன்றில் வழவழவென்று ஏதோ இருப்பதைப் பார்த்து, உயிரின் ஆதிப் பிண்டமே இதுதான் என்று பெயர் சூட்டிவிட்டார். கப்பலில் எவ்வளவு சேறு அள்ளியும் புதிய சேற்றில் அது அகப்படவில்லை. கெடாமல் இருக்கச் சாராயம் ஊற்றி வைத்த மாதிரிகளில் மட்டும் தெரிந்தது. சாராயம் கலந்ததும் கடல்நீரிலிருந்து கால்சியம் சல்பேட் பிரிந்து கூழாகப் படிகிறது என்று புக்கானன் கண்டுபிடித்தார். உயிர் என்று உலகம் கொண்டாடியது பாட்டிலுக்குள் நாமே ஊற்றியதன் வினை. ஹக்ஸ்லி 1875-இல் கௌரவமாகப் பின்வாங்கினார்.

அதே கப்பல் கொண்டுவந்த நீர்மாதிரிகளில் 77-ஐ ஸ்காட்லாந்தில் உட்கார்ந்து பகுத்தார் வில்லியம் டிட்மர். 1884-இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: கடல்நீரில் உப்பு கூடலாம், குறையலாம், உப்புகளுக்கு இடையிலான விகிதம் ஏறக்குறைய மாறாது. டிட்மர் அந்தக் கப்பலில் போனவரில்லை. எந்தப் பாட்டில் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் எடுத்தது என்று அலையடிக்கும் தளத்தில் நின்று யாரோ ஒழுங்காக எழுதியிருந்ததால் அவரால் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. எழுதியவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஆட்கள்!

கடலுக்குள் போக பைபர் படகு பேசியிருந்தோம். மாதிரி எடுக்க எப்போது வந்தாலும் இதே படகுதான், இதே அண்ணன்தான். ஐம்பதைத் தாண்டியவர். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "காத்து கச்சானுக்கு மாறல, இன்னும் வாடை வாசம் இருக்கு, தண்ணி ரெண்டு நாளைக்கி இப்படித்தான் தெளியா இருக்கும்" என்றார். எங்கள் படிவம் இதைக் 'காற்று: மிதமானது' என்று எழுதிக்கொள்ளும். அவர் சொன்னதற்குள் வருடம் முழுக்க நடக்கும் கதை இருக்கிறது. வாடை வீசும் வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் வடக்கேயிருந்து இந்த நீரிணைக்குள் இறங்குகிறது. கச்சான் வீசும் தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாவின் நீர் தெற்கேயிருந்து ஏறுகிறது. ஒரே இடத்தில் பாட்டிலை முக்கினாலும் தை மாதம் எடுப்பது வேறு கடல், ஆடி மாதம் எடுப்பது வேறு கடல்.

தெளிவு பார்க்கும் வட்டத்தகட்டை இறக்கினேன். கறுப்பும் வெள்ளையும் பூசிய சாதாரணத் தகடு. 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் போப்பின் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த காலம் தொட்டுக் கடல்காரர்களின் பெட்டியில் இருக்கிறது. கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கவேண்டும். மறையவே இல்லை. கயிறு தொய்ந்தது. தகடு தரையைத் தொட்டு, கடற்புல்லின் நடுவில் படுத்துக்கொண்டு, மேலே நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. புல் நாடாக்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. "இதுதான் ஆவுளியா மேயிற புல்லு" என்றார் படகு அண்ணன். கடல்பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள். எங்களுக்கு வடக்கே அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. இந்தப் புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். நீர் கலங்கினால் வெளிச்சம் குறையும், புல் கருகும், ஆவுளியா வேறு இடம் தேடும். நான் அளக்கிற கலங்கல் எண்ணின் மறுமுனையில் ஒரு விலங்கு மேய்கிறது என்று அன்றைக்குத்தான் மனசில் பதிந்தது.

படிவத்தில் என்ன எழுதுவது? தகடு மறையவில்லை, ஆகவே தெளிவு 'இந்த ஆழத்தைவிட அதிகம்'. அதற்கு ஒரு குறி உண்டு, பெரிதைக் காட்டும் கூர்முனைக் குறி. காகிதத்தில் போட்டேன். எங்கள் மென்பொருள் அந்தக் குறியை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும் என்பது தெரிந்தே போட்டேன். கடலின் ஆழம் கடலின் தெளிவாகப் பதிவாகும். கரைக்குப் பக்கத்தில் எடுத்ததெல்லாம் 'கலங்கல் அதிகம்' என்று வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். தரை தட்டியது என்ற இரண்டு சொல் கூட வந்திருந்தால் போதும்.

மதியத்துக்கு மேல் இறால் பண்ணைகளின் பக்கம் போனோம். மண்கரை கட்டிய குளங்கள், நடுவில் சுழலும் காற்றூட்டிகள், ஓரத்தில் வடிகால் ஓடை. இங்கே பேச்சு குறைந்துவிடும். பாட்டிலோடு வருகிறவர்களை யாருக்கும் பிடிக்காது. அதற்குக் காரணம் உண்டு. 1994-இல் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனத்தைக் கரைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது. அவர்கள் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நிலத்தடி நீர் உவர்த்துப்போனதையும், கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். 1996 டிசம்பர் 11-இல் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் கொடுத்த தீர்ப்பு, கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்க உத்தரவிட்டது. அப்புறம் 2005-இல் தனிச்சட்டம் வந்தது, சென்னையில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வந்தது, பண்ணைகள் பதிவு பெற்றுத் தொடர்ந்தன. 2009-இலிருந்து வனாமி என்ற இறால் வகை வந்து தொழிலே வேறு உருவெடுத்தது. தீர்ப்பு சரியா, பின்னால் வந்த சட்டம் சரியா என்று இந்தக் கரையில் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் கையில் பிடித்திருப்பது எண்களை. அந்த எண்களைத் தொடங்கிவைத்தது ஏதோ ஓர் ஓடைக்கரையில் முழங்கால் சேற்றில் நின்ற ஓர் இளநிலை ஆள்.

ஓடையில் நீர் அன்று மெல்ல ஓடியது. குளத்தைப் பாதி வடிக்கும் நாளிலும் அறுவடை நாளிலும் வருகிற நீர் வேறு, மற்ற நாளில் வருகிற நீர் வேறு. கரையில் நின்ற தம்பியிடம் சீனியர் அண்ணன் பேச்சுக்கொடுத்தார். "அறுவடை எப்பப்பா?" தம்பி பதில் சொல்லாமல் தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். குறிப்பில் 'வடிப்பு நாள்: தெரியவில்லை' என்று எழுதினேன். தெரியவில்லை என்பதும் ஒரு தகவல்தான். வெறும் கட்டமாக விட்டால் நாளைக்கு யாரோ அதில் தனக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்வார்.

இரவு அறந்தாங்கியில் தங்கினோம். மறுநாள் காலையில் நேரே திருச்சி என்பதுதான் திட்டம். சாப்பிடும்போது அண்ணன், "அந்த அக்கா சொன்னது உறுத்துது. ஒரு பாட்டில் எக்ஸ்ட்ரா இருக்குல்ல?" என்றார். இருந்தது.

வியாழன் காலை தளம் அடையாளமே தெரியவில்லை. படகோடு படகு உரசி நின்றது. நீலக்கால் நண்டு ஒரு பக்கம் குவிந்து கிடந்தது, சூடையும் காரப்பொடியும் இன்னொரு பக்கம். ஏலக்காரரின் குரல், வண்டிகளின் ஹாரன். பம்பில் டெக்கைக் கழுவும் தண்ணீர் பக்கவாட்டில் பழுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏலம் எழுதுகிறவரின் நோட்டை எட்டிப் பார்த்தேன். படகு, பெட்டி, மீன், விலை, வாங்கியவர், பணம் வந்ததா வரவில்லையா: ஒரு வரிக்கு ஒரு வரி பிசகாமல் இருந்தது. எங்கள் படிவத்தை இவரிடம் கொடுத்து வடிவமைக்கச் சொல்லலாம்.

நேற்று நின்ற அதே இடத்தில், அதே நேரம் வரும்வரை காத்திருந்து பாட்டிலை முக்கினேன். அது முக்கியம். இரவெல்லாம் நீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியும்போது அளவு குறைவாகவும், வெயில் ஏற ஏறக் கூடியும் இருக்கும். நேற்றுப் பத்து மணிக்கு எடுத்ததை இன்று ஆறு மணிக்கு எடுத்ததோடு ஒப்பிட்டால் படகையும் சூரியனையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வோம். மாங்கனஸ், அயோடைடு, மூடி, குலுக்கல். படிவு நேற்றையதைவிட நன்றாக வெளுத்திருந்தது. அக்காவைத் தேடினேன், அவர் ஏலத்தில் மும்முரமாக இருந்தார். தூரத்திலிருந்தே பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு நண்டுக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

ஒரு பாட்டிலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். முப்பது டிகிரி வெப்பத்தில், இந்த உவர்ப்பில், கடல்நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடல்நீர் வகைப்பாட்டில் துறைமுக நீருக்கு மூன்று இருந்தால் போதும், வணிக மீன்பிடிப்புக்கு நான்கு வேண்டும், உயிர்ச்சூழல் நுட்பமான இடத்துக்கு ஐந்து. கையில் இருப்பது மிகச் சின்ன இடைவெளி. அதற்குள் படகு, வெயில், காற்று, பம்பு எல்லாம் விளையாடுகின்றன.

ஆய்வகத்துக்கு வந்ததும் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பாட்டில்களை இன்குபேட்டரில் வைத்தோம். உலகமெங்கும் ஐந்து நாள், இருபது டிகிரி என்பது வழக்கம். பிரிட்டனின் ஆற்றுநீர் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்று 1912-இல் அங்கே ஓர் ஆணையம் போட்ட கணக்கு அந்த ஐந்து நாள். நம் ஊர்த் தர நிர்ணயம் நம் வெயிலுக்கு ஏற்றபடி மூன்று நாள், 27 டிகிரி. வியாழன் வைத்தால் ஞாயிறு எடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு யார் வருவது என்ற கேள்வி எழும்போது எல்லோருக்கும் இளநிலை வேதியியலர் ஞாபகத்துக்கு வருவார்.

அந்த ஞாயிறு மதியம், யாரும் இல்லாத அறையில், தரவை ஏற்ற உட்கார்ந்தேன். வழக்கமான களையெடுப்பு: நாளும் மாதமும் இடம் மாறிப்போன தேதிகள், மில்லிகிராமும் மைக்ரோகிராமும் கலந்த பத்திகள், 'கண்டறியும் எல்லைக்குக் கீழே' என்று இருக்கவேண்டிய இடத்தில் யாரோ போட்ட சுழியங்கள். கருவியால் காணமுடியவில்லை என்பதும் இல்லவே இல்லை என்பதும் ஒன்றாகிவிட்டால் சராசரி கீழே இறங்கும். கேட்பவர்களுக்கு அது இனிப்பாக இருக்கும். இதை முடித்ததும் ஒரு யோசனை தோன்றியது. ஜெகதாப்பட்டினத்துக்கு இதுவரை போன எல்லாச் சுற்றுகளின் தேதிகளையும் எடுத்து, பக்கத்தில் கிழமைக்கு ஒரு பத்தி சேர்த்தேன். எக்செலுக்கு அது ஒரு வரி வேலை.

திங்கள், புதன், சனி. இந்த மூன்றைத் தவிர வேறு கிழமையே இல்லை.

யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. விசைப்படகு நாளில் நாட்டுப்படகுக்காரருக்குக் கடல் இல்லை. அன்றைக்குத்தான் அவர் சும்மா இருப்பார். அன்றைக்குத்தான் அவருடைய பைபர் படகு வாடகைக்குக் கிடைக்கும். ஆகவே கடலுக்குள் மாதிரி எடுக்கப் போகும் நாளெல்லாம் தளம் காலியாக இருக்கும் நாள். மீட்டர் சரி, டைட்ரேஷன் சரி, கையொப்பம் சரி, இரட்டை மாதிரிகள் ஒத்துப்போகின்றன, தரச்சான்றுத் தணிக்கைக்கு வந்தவர்களும் திருப்தியாகப் போனார்கள். எல்லாம் சரியாக இருந்து, எங்கள் கோப்பில் இருப்பது புதன்கிழமைத் தண்ணீர் மட்டும். கூடை கழுவிய அக்கா ஒரே பார்வையில் சொன்னது, எங்கள் தரக்கட்டுப்பாட்டுக் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

திங்கட்கிழமை மேலாளரிடம் அச்செடுத்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். படிவத்தில் 'தளத்தின் நிலை' என்று ஒரு பத்தி சேர்க்கலாம், ஆனால் படிவம் கட்டுப்பாட்டில் உள்ள ஆவணம், திருத்த எண் போட்டு, காரணம் எழுதி, இரண்டு பேர் ஒப்பம் வாங்கவேண்டும் என்றார். காரணம் என்ற இடத்தில் எழுத எனக்குப் பஞ்சமில்லை. தளத்து மாதிரியை மட்டும் வேறொரு நாளில், அதே நேரத்தில் தனியாக எடுக்கலாமா என்றும் கேட்டேன். வாடிக்கையாளர் ஒரு பயணத்துக்குத்தான் பணம் தருகிறார் என்றார்.

அடுத்த சுற்றுக்கு அட்டவணையில் இருக்கும் தேதி ஏப்ரல் 15. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள். ஜூன் 14 வரை அத்தனை விசைப்படகும் கரையில் நிற்கும். மீன் இறங்காது, டெக் கழுவ வேலை இருக்காது. பதிலுக்குப் படகுகளைச் சுரண்டி, பழுது பார்த்து, அடிப்பாகத்துக்கு வண்ணம் பூசுவார்கள். பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் வண்ணத்தில் பொதுவாகச் செம்பு இருக்கும். எங்கள் பரிசோதனைப் பட்டியலில் செம்பு இல்லை. அண்ணனிடம் சொன்னேன். நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில் ஒன்றைப் பெட்டியில் கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கான கட்டணம் யார் தலையில் என்பதைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாமாம்.